செங்கடலில் கப்பல் திரும்பினால் ஒரத்தநாட்டில் டிஏபி ஏன் கிடைப்பதில்லை?

விவசாயி ஒருவரின் கேள்வி இதுதான்: "உலகத்தில் எங்கே சண்டை நடந்தாலும் சம்பா நடவு நேரத்தில் சொசைட்டியில் டிஏபி உரம் இல்லை என்கிறார்கள். ஆனால் மூட்டை மேல் 1350 ரூபாய்தான் அச்சடித்திருக்கிறது, விலை ஏறவே இல்லை. பிறகு சரக்கு எங்கே போகிறது? ஐந்து ஏக்கர் சம்பாவுக்கு நான் என்ன செய்வது?"

பாதி பதில் கேள்வியிலேயே இருக்கிறது. விலை ஏறாததால்தான் சரக்கு இல்லை. பெட்ரோல், தங்கம், சமையல் எண்ணெய் எதுவானாலும் போர் நமக்கு விலையாக வந்து சேரும். டிஏபி விஷயத்தில் அது வரிசையாக வருகிறது, அதுவும் இரண்டு மூன்று மாதம் தாமதமாக. அந்தத் தாமதம்தான் விவசாயிக்குக் கிடைக்கும் அவகாசம்.

முதலில் மூட்டைக்குள் என்ன இருக்கிறது, அது எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். டிஏபி என்பது டை அம்மோனியம் பாஸ்பேட். அதில் 18 சதவீதம் தழைச்சத்து (நைட்ரஜன்), 46 சதவீதம் மணிச்சத்து (பாஸ்பரஸ்). 50 கிலோ மூட்டை என்றால் 9 கிலோ தழை, 23 கிலோ மணி. மணிச்சத்து பாறை பாஸ்பேட்டிலிருந்து வருகிறது. நம் நாட்டில் ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் பக்கம் கொஞ்சம் வெட்டுகிறார்கள், தேவைக்கு அது போதாது. மொராக்கோ, ஜோர்டான், எகிப்து, டோகோ என்று வெளியிலிருந்துதான் பாறையாகவோ பாஸ்பாரிக் அமிலமாகவோ வரவேண்டும். பாறையைக் கரைக்கக் கந்தக அமிலம் வேண்டும். கந்தகம் எண்ணெய், எரிவாயு சுத்திகரிப்பின் உபபொருள், வளைகுடாவிலிருந்து நிறைய வருகிறது. தழைச்சத்துக்கு அம்மோனியா, அம்மோனியாவுக்கு எரிவாயு. ஆயத்த டிஏபியாகவும் பெருமளவு இறக்குமதி செய்கிறோம்: சவூதி, மொராக்கோ, ரஷ்யா, ஜோர்டான், முன்பு சீனா. பொட்டாஷ் கதை இதைவிட எளிது. முழுக்க முழுக்க இறக்குமதி: கனடா, ரஷ்யா, பெலாரஸ், ஜோர்டான், இஸ்ரேல்.

யூரியா கொஞ்சம் வேறு. ஆண்டுக்கு 300 லட்சம் டன்னுக்கு மேல் உள்நாட்டிலேயே தயாராகிறது. தூத்துக்குடி ஸ்பிக், மணலி எம்எஃப்எல் இரண்டுமே நாப்தாவை விட்டு எரிவாயுவுக்கு மாறியவை. ஆனால் நாடு முழுக்க யூரியா ஆலைகள் எரிக்கும் வாயுவில் பெரும்பங்கு கப்பலில் வரும் திரவ இயற்கை எரிவாயு (எல்என்ஜி). அதில் கணிசமானது கத்தாரின் ராஸ் லஃபானிலிருந்து, பாரசீக வளைகுடாவின் வாசலான ஹோர்முஸ் நீரிணை வழியாக வருகிறது. மூட்டையில் "இந்தியத் தயாரிப்பு" என்று போட்டிருக்கலாம், அடுப்பு எரிவது கத்தார் வாயுவில்.

இனி அந்த 1350 ரூபாய்க் கணக்கு. ஒரு டன்னுக்கு 20 மூட்டை. விவசாயி கொடுப்பது 27,000 ரூபாய். மத்திய அரசு 2010 முதல் ஊட்டச்சத்து அடிப்படையில் மானியம் தருகிறது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு விகிதம், அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொரு விகிதம் என்று அறிவிப்பார்கள். 2025 காரிஃப் பருவத்துக்கு (ஏப்ரல்-செப்டம்பர்) டிஏபி மானியம் டன்னுக்கு 27,799 ரூபாய். இரண்டும் சேர்ந்து 54,799. அந்தக் கோடையில் இந்தியத் துறைமுகத்தில் இறங்கும் டிஏபி டன்னுக்கு 700 டாலரைத் தாண்டியது. டாலர் 86 ரூபாய் என்று வைத்தாலே 60,200. சுங்கம், இறக்குகூலி, மூட்டை பிடிக்கும் செலவு, ரயில் வாடகை, வியாபாரி கமிஷன் எல்லாம் இதற்கு மேலே. டன்னுக்கு 3,500 ரூபாய் சிறப்பு உதவி உட்பட வேறு ஈடுகளும் அரசு கொடுத்தது. ஆனாலும் கணக்கு எந்தப் பக்கம் சாயும் என்று தெரியாத நிறுவனம் என்ன செய்யும்? கப்பலைத் தள்ளிப்போடும். அடுத்த அரையாண்டு விகிதம் வரட்டும் என்று காத்திருக்கும். அக்டோபரில் அது 29,805 ஆக உயர்ந்தது. அதற்குள் நம் பக்கம் நாற்றங்கால் முடிந்து நடவு தொடங்கியிருக்கும். பதுக்கல் நடப்பது உண்மைதான். ஆனால் பெரும்பங்குத் தட்டுப்பாடு பதுக்கலில் பிறப்பதில்லை, வாங்கப்படாத கப்பலில் பிறக்கிறது.

காம்ப்ளக்ஸ் உரங்கள் இதற்கு நேர்மாறு. 20-20-0-13, 10-26-26, 17-17-17 (எண்கள் வரிசையாகத் தழை, மணி, சாம்பல்சத்து எனும் பொட்டாஷ், நான்காவது இருந்தால் கந்தகம், இவற்றின் சதவீதம்) இவற்றுக்கும் மானியம் உண்டு. ஆனால் டிஏபி போல விலையை அப்படியே கட்டிப்போடவில்லை, நிறுவனம் ஓரளவு ஏற்றிக்கொள்ளலாம். அதனால் டிஏபிக்கு விலை ஏறாது, சரக்கு மறையும். காம்ப்ளக்ஸுக்குச் சரக்கு இருக்கும், விலை ஏறும். "டிஏபி இல்லை, இதை வாங்கிக்கிட்டுப் போங்க" என்று கடைக்காரர் 20-20 மூட்டையைக் காட்டுவதன் பின்னணி இதுதான்.

எந்தச் சண்டை எங்கே அடித்தது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எல்லாப் போரும் எல்லா உரத்தையும் தொடுவதில்லை.

2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது முதலில் வாயுவையும் பொட்டாஷையும் அடித்தது. ரஷ்ய வாயு குறைந்ததும் ஐரோப்பிய அம்மோனியா ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக உற்பத்தியைக் குறைத்தன. ரஷ்யாவின் தோல்யாத்தியிலிருந்து உக்ரைனின் ஒடேசா வரை அம்மோனியா கொண்டுபோன குழாய் நின்றது. பெலாரஸ் பொட்டாஷுக்கு அடி அதற்குச் சில வாரம் முன்பே விழுந்தது: 2022 பிப்ரவரி 1 முதல் லித்துவேனியா தன் கிளைபேடா துறைமுகத்துக்கு ரயிலில் அதை விடுவதை நிறுத்தியது. கடலே இல்லாத பெலாரஸுக்கு அதுதான் வாசல். அந்த ஆண்டு டிஏபி டன் 900 டாலரைத் தொட்டது. அதே நேரம் ரஷ்யா தள்ளுபடியில் விற்கத் தொடங்க, இந்தியா அங்கிருந்து வாங்குவதைக் கூட்டியது. போர் ஒரு கதவை மூடி இன்னொன்றைத் திறந்த கதை இது, நமக்குச் சாதகமாகவே முடிந்தது.

சீனா விஷயத்தில் குண்டு எதுவும் வெடிக்கவில்லை. 2021 அக்டோபரில் உர ஏற்றுமதிக்குப் புதிய சோதனை முறை கொண்டுவந்தார்கள், பிறகு அதை இறுக்கிக்கொண்டே போனார்கள். உள்நாட்டு விவசாயிக்கு விலை ஏறக்கூடாது என்பது ஒரு காரணம். இரும்பு பாஸ்பேட் வகை பேட்டரிக்கு அதே பாஸ்பேட் வேண்டும் என்பது இன்னொன்று. 2023-24இல் 20 லட்சம் டன்னுக்கு மேல் சீன டிஏபி இங்கே வந்தது, அடுத்த ஆண்டு அது பத்து லட்சத்துக்கும் கீழே இறங்கியது. என் கணிப்பில், சமீப ஆண்டுகளில் நம் சொசைட்டிகளைக் காலியாக்கியதில் போர்களைவிட இதற்குத்தான் பங்கு அதிகம். தொலைக்காட்சியில் குண்டு விழுவதைக் காட்டுவார்கள், ஏற்றுமதிச் சோதனைச் சான்றிதழை யார் காட்டுவார்கள்?

செங்கடல்தான் வரைபடத்தை வைத்துக்கொண்டு பார்க்க வேண்டிய விஷயம். 2023 நவம்பர் 19 அன்று யேமனின் ஹூத்தி படையினர் கேலக்ஸி லீடர் கப்பலைக் கைப்பற்றியதிலிருந்து அந்தப் பாதை நடுங்குகிறது. மொராக்கோவிலிருந்தும் ரஷ்யாவின் மேற்குத் துறைமுகங்களிலிருந்தும் சூயஸ் வழியாக வரவேண்டிய கப்பல் ஆப்பிரிக்காவின் தெற்கே நன்னம்பிக்கை முனையைச் சுற்றினால் சுமார் இரண்டு வாரம் கூடும். ஜோர்டானுக்கு இருக்கும் ஒரே துறைமுகம் அகாபா. அங்கிருந்து இந்தியாவுக்கு வர, செங்கடலின் தெற்கு வாசலான பாப் எல் மண்டெப் நீரிணையைத் தாண்டியே ஆகவேண்டும். அதனால் அந்தப் பாறையும் அமிலமும் காப்பீட்டுக் கட்டணம் கூடித்தான் வரும். 2024 பிப்ரவரி 18 அன்று தாக்கப்பட்டு மார்ச் 2 அன்று மூழ்கிய ரூபிமார் கப்பலில் இருந்தது சுமார் 21,000 டன் அம்மோனியம் பாஸ்பேட் சல்பேட். நம் 20-20-0-13 மூட்டையின் இனம்தான். ஒரு சரக்கு ரயில் ரேக் சுமார் 2,600 டன் உரம் ஏற்றும். தஞ்சாவூர் குட்ஷெட்டுக்கு எட்டு ரேக் வந்திருக்க வேண்டிய அளவு கடலடியில் கிடக்கிறது. அது நமக்கு வரவேண்டிய கப்பல் இல்லை, பல்கேரியாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆனால் இப்படிப்பட்ட தாக்குதல்களால்தான் செங்கடலில் போர்க்காப்பீட்டுக் கட்டணம் ஏறியது.

ஹோர்முஸ் இன்னும் நெருக்கமானது. உலக எண்ணெயில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அதன் வழியே போகிறது, திரவ எரிவாயுவிலும் அப்படியே. சவூதியின் டிஏபி ஏற்றும் ராஸ் அல் கைர் துறைமுகம் நீரிணைக்கு உள்ளே இருக்கிறது. 2025 ஜூலையில் சவூதியின் மாஅடன் நிறுவனத்துடன் ஆண்டுக்கு 31 லட்சம் டன் டிஏபி, ஐந்தாண்டு என்று இந்திய நிறுவனங்கள் ஒப்பந்தம் போட்டன. சீனாவை நம்பியிருந்ததற்கு மாற்று என்ற வகையில் நல்ல வேலை. ஆனால் முட்டையை எடுத்து ஹோர்முஸ் கூடையில் வைத்திருக்கிறோம் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஓமானின் சூர் நகரில் இந்தியக் கூட்டுறவு உர நிறுவனங்களான இஃப்கோவும் கிரிப்கோவும் பங்கு வைத்திருக்கும் யூரியா ஆலை மட்டும் நீரிணைக்கு வெளியே இருக்கிறது, அது தப்பியது.

2025 ஜூன் 13 முதல் 24 வரை இஸ்ரேலும் ஈரானும் மோதிக்கொண்டபோது ஹோர்முஸ் மூடப்படவில்லை. ஆனாலும் யூரியா விலை எகிறியது. இஸ்ரேல் தன் லெவியதான் வாயுக் கிணற்றை மூடியதும் அந்த வாயுவை நம்பியிருந்த எகிப்து யூரியா ஆலைகள் நின்றன. ஈரான் ஆலைகளும் நின்றன. பன்னிரண்டே நாள். ஆனால் இந்தியா டெண்டர் போட்டு யூரியா வாங்கும் பருவம் அது. ஆகஸ்டில் தெலங்கானாவில் யூரியாவுக்கு விவசாயிகள் விடிய விடிய வரிசையில் நின்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது நாள்கணக்கு. மொராக்கோ சரக்கு சூயஸ் வழியே மூன்று நான்கு வாரம், முனையைச் சுற்றினால் ஐந்து ஆறு வாரம். சவூதியிலிருந்து ஒரு வாரம் பத்து நாள். கப்பல் பேசி முடிக்க, ஏற்ற, இறக்க, மூட்டை பிடிக்க, ரேக் கிடைக்க என்று இன்னொரு மாதம் போகும். காரைக்காலிலோ தூத்துக்குடியிலோ இறங்கினால் நமக்குக் கொஞ்சம் சீக்கிரம், காக்கிநாடாவிலோ விசாகப்பட்டினத்திலோ இறங்கினால் இன்னும் சில நாள். ஜூலை மாதச் செய்தியின் விளைவு சொசைட்டிக் கிடங்கில் தெரிவது செப்டம்பர், அக்டோபரில்தான்.

அதே அக்டோபரில்தான் பஞ்சாப், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசத்தில் கோதுமை, உருளை, கடுகு விதைப்பு. அவர்கள் விதையோடு டிஏபி போடுகிறவர்கள். நம் சம்பா, தாளடி அடியுரமும் அப்போதுதான். மத்திய உரத்துறை மாதாமாதம் மாநிலவாரியாக ஒதுக்கீடு போடும். மாநிலம் அதை மாவட்டத்துக்கும், கூட்டுறவு விற்பனை இணையமான டான்ஃபெட் வழியாகச் சங்கங்களுக்கும், தனியாருக்கும் பிரிக்கும். கையிருப்பு குறைந்த வருடத்தில் ரேக் வடக்கே திரும்புவது இயல்பு. மேட்டூர் ஜூன் 12இல் திறந்து ஜூலையில் குறுவை நடும்போது இந்தப் போட்டி இல்லை. அதனால் சம்பாவுக்கான டிஏபியைக் குறுவைக் காலத்திலேயே, ஆகஸ்ட் நடுவுக்குள் வாங்கி வைத்துவிடுவது நல்லது. உலர்ந்த இடத்தில் இருந்தால் டிஏபி கெடாது. மரப்பலகை மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, தையல் பிரிக்காமல் அடுக்குங்கள். யூரியாவை அப்படிச் சேர்த்து வைக்காதீர்கள். ஈரம் இழுத்துக் கட்டியாகிவிடும், அதோடு ஒருவர் அளவுக்கு மேல் வாங்கினால் கடையின் விற்பனைப் பதிவு (பிஓஎஸ்) இயந்திரத்தில் ஆதார் எண்ணோடு பதிவாகிக் கேள்வியும் வரும்.

போரின் விலையை அரசு தாங்கிக்கொள்ளும் நாடு என்பதால் நமக்கு வரிசையோடு போகிறது. தாங்க முடியாத நாடுகளில் அது பட்டினியாக இறங்கியது. கோடியக்கரையிலிருந்து எட்டிப் பார்க்கும் தூரத்தில் இலங்கை. 2021 மே மாதம் ரசாயன உர இறக்குமதியையே தடை செய்தார்கள். இயற்கை விவசாயம் என்று பெயர் சூட்டினார்கள், உள்ளே இருந்த காரணங்களில் ஒன்று டாலர் பஞ்சம். நவம்பரில் தடையை விலக்கினார்கள். அதற்குள் பெரும்போகம் விதைத்தாகிவிட்டது, விளைச்சல் பெரிதும் சரிந்தது. விலக்கியபின் வாங்கப் போனால் ரஷ்யா-உக்ரைன் போரில் விலை உச்சத்தில் நின்றது. 2022 மே 18 அன்று சென்னையிலிருந்து தமிழக அரசின் முதல் நிவாரணக் கப்பல் புறப்பட்டது. மொத்தம் 40,000 டன் அரிசியும் 500 டன் பால்மாவும் அனுப்புவதாகத் திட்டம். இந்தியா தனியாகச் சுமார் 65,000 டன் யூரியாவும் கொடுத்தது.

இன்னொரு உதாரணம் மலாவி. போரால் ஐரோப்பியத் துறைமுகங்களில் ரஷ்ய நிறுவனத்தின் உரம் முடங்கிக் கிடந்தது. உரத்தின் மேல் நேரடித் தடை இல்லை. ஆனால் உரிமையாளர் தடைப்பட்டியலில் இருந்தால் வங்கி பணம் அனுப்பாது, காப்பீடு கிடைக்காது, கப்பல் நகராது. ஐ.நா. உலக உணவுத் திட்டம் தலையிட்டு 2022 நவம்பர் இறுதியில் நெதர்லாந்திலிருந்து 20,000 டன்னைக் கிளப்பியது. மொசாம்பிக்கின் பெய்ரா துறைமுகம் வழியாக மலாவி கையில் அது முறைப்படி சேர்ந்தது 2023 மார்ச்சில். அங்கே மக்காச்சோளம் விதைப்பது நவம்பர், டிசம்பரில். உரத்துக்கு அளவைப்போலவே தேதியும் முக்கியம். அக்டோபர் அடியுரம் டிசம்பரில் வந்தால் என்ன பயன் என்பது டெல்டாக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை.

சரி, உங்கள் ஐந்து ஏக்கருக்கு வருவோம்.

முதல் வேலை மண் பரிசோதனை. டெல்டாவில் தலைமுறையாக டிஏபி போட்ட வயல்களில் மணிச்சத்து தேங்கி நிற்பது சாதாரணம். உழுவதற்கு முன், வயலுக்குப் பத்துப் பதினைந்து இடத்தில் ஆங்கில எழுத்து 'வி' வடிவில் 15 செ.மீ. ஆழம் குழி வெட்டி, சரிவிலிருந்து மேலிருந்து கீழாக ஒரு கீற்று மண் சீவி எடுங்கள். எல்லாவற்றையும் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கை ஒதுக்கி ஒதுக்கி அரை கிலோவாக்கி, நிழலில் உலர்த்திக் கொடுங்கள். வரப்போரம், எருக்குழி, மரநிழல், வாய்க்கால் மடை இந்த இடங்களில் எடுக்கக் கூடாது. முடிவில் மணிச்சத்து எக்டேருக்கு 22 கிலோவுக்கு மேல் என்றால் 'அதிகம்', 11க்குக் கீழ் என்றால் 'குறைவு'. அதிகம் என்று வந்த வயலில் ஒரு பருவம் பாதி மணிச்சத்தோடு நிறுத்தினாலும் நெல் தாங்கும். சேற்றுழவு செய்து தண்ணீர் நின்ற மண்ணில் இரும்போடு பிணைந்து கிடக்கும் மணிச்சத்து விடுபட்டு வேருக்குக் கிடைக்கும். புஞ்சைப் பயிருக்கு இந்த வசதி இல்லை. குறைவு என்று வந்த வயலில் இந்த விளையாட்டு வேண்டாம்.

பொதுப் பரிந்துரை எக்டேருக்கு 150:50:50. ஏக்கருக்கு 60 கிலோ தழை, 20 மணி, 20 சாம்பல். வெள்ளைப் பொன்னி போன்ற தழைக்குச் சாயும் ரகத்துக்குத் தழை பாதி. இதை எந்த மூட்டையிலிருந்து எடுத்தாலும் பயிருக்கு ஒன்றுதான்.

டிஏபி கிடைத்தால் ஏக்கருக்கு 43.5 கிலோ, மாவுக்குப் (மூன்று மா ஒரு ஏக்கர்) பதினாலரை கிலோ. அதிலேயே கிட்டத்தட்ட 8 கிலோ தழை வந்துவிடும், மீதிக்கு யூரியா 113 கிலோ, அதாவது இரண்டரை மூட்டை. ஏக்கருக்கு ஒரு முழு மூட்டை டிஏபி என்று போடுகிறவர்கள் ஆறரை கிலோவைக் கூடுதலாகப் போடுகிறார்கள். ஐந்து ஏக்கருக்குத் தேவை நாலரை மூட்டைக்கும் உள்ளேதான். பற்றாக்குறை வருடத்தில் அந்த அரை மூட்டையின் அருமை கடைசியில் தெரியும், அதைப் பிறகு சொல்கிறேன்.

டிஏபி இல்லாவிட்டால் என் முதல் தேர்வு சூப்பர் பாஸ்பேட். மணிச்சத்து 16 சதவீதம்தான், அதனால் ஏக்கருக்கு 125 கிலோ, இரண்டரை மூட்டை. மாவுக்கு 42 கிலோ. யூரியா 130 கிலோ. கூடவே 13 கிலோவுக்கு மேல் கந்தகமும், கால்சியமும் இலவசம். தலைஞாயிறு, வேதாரண்யம் போன்ற கடைமடையின் உவர் நிலங்களில் டிஏபியைவிட இது பொருத்தமானது என்பேன். குறை ஒன்றே, பளு. ஐந்து ஏக்கருக்குப் பன்னிரண்டரை மூட்டை தூக்க வேண்டும், வண்டிக்கூலியும் ஆள்கூலியும் கூடும். இதற்கும் பாறையும் கந்தகமும் பெருமளவு வெளியிலிருந்துதான் வரவேண்டும், எனவே ஹோர்முஸ் மூடினால் இதுவும் தப்பாது. ஆனால் பஞ்சாப் இதற்காகப் போட்டி போடுவதில்லை, அதுதான் நமக்கு லாபம்.

சூப்பரில் அடிக்கடி நடக்கும் தவறு, யூரியாவோடு முதல்நாளே கலந்து வைப்பது. கலந்தால் கசிந்து களியாகிவிடும், கையில் ஒட்டும், வீச வராது. தனித்தனியாக வீசுங்கள். துத்தநாக சல்பேட்டையும் (ஏக்கருக்கு 10 கிலோ) டிஏபியோடோ சூப்பரோடோ கலக்காதீர்கள், இரண்டும் பிணைந்து பயிருக்குக் கிடைக்காமல் போகும். மணலோடு கலந்து நடவுக்கு முன் தனியாக வீசவேண்டும்.

மூன்றாவது வழி 20-20-0-13. ஏக்கருக்கு இரண்டு மூட்டை, யூரியா 87 கிலோ. இதில் அடித்தழை 20 கிலோ வந்துவிடுவதால் அடியுரத்தில் யூரியா வேண்டாம். பலர் பழக்கத்தில் கூடவே ஒரு சிப்பம் யூரியாவும் வீசிவிடுகிறார்கள், அது வீண். 10-26-26 என்றால் 77 கிலோ, அதிலேயே பொட்டாஷும் அடங்கிவிடும், தனிப் பொட்டாஷ் வாங்க வேண்டியதில்லை.

எது மலிவு என்று கடையிலேயே கணக்குப் பார்க்க ஒரு வழி உண்டு. யூரியா 45 கிலோ சிப்பம் 266.50 ரூபாய், அதில் 20.7 கிலோ தழை. ஆக ஒரு கிலோ தழை சுமார் 13 ரூபாய். டிஏபி மூட்டையில் 9 கிலோ தழைக்கு 117 ரூபாய் கழித்தால் மீதி 1233 ரூபாய்க்கு 23 கிலோ மணி. கிலோ 54 ரூபாய்க்குள் அடங்கும். சூப்பர் மூட்டையில் 8 கிலோ மணி, எனவே 430 ரூபாய்க்குக் கீழே கிடைத்தால் டிஏபியைவிட மலிவு. அதற்கு மேல் கொடுப்பது கந்தகத்துக்கான விலை. இதே கணக்கில் 20-20-0-13 மூட்டையின் தழையும் மணியும் சேர்ந்து சுமார் 665 ரூபாய் பெறும். நீங்கள் அதற்கு மேல் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் 6.5 கிலோ கந்தகத்துக்கும், "சரக்கு இருக்கிறது" என்ற வசதிக்கும் போகிறது. என்னைக் கேட்டால் கந்தகம் குறைந்த மண்ணைத் தவிர மற்ற இடத்தில் அந்த விலை கட்டாது.

நானோ டிஏபி பற்றிக் கேட்பார்கள். அரை லிட்டர் பாட்டிலில் மணிச்சத்து 80 கிராம், மூட்டையில் 23 கிலோ. விதை நேர்த்திக்கோ இலைத்தெளிப்புக்கோ பயன்படுத்திப் பார்க்கலாம். அடியுரத்துக்கு மாற்று என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். டிஏபி வாங்கினால் பாட்டிலும் வாங்கியாக வேண்டும் என்று கட்டிவைத்து விற்பது விதிமீறல். பிஓஎஸ் ரசீதைக் கேட்டு வாங்குங்கள், மூட்டையில் அச்சிட்ட விலைக்கு மேல் கொடுக்காதீர்கள். வட்டார வேளாண்மை உதவி இயக்குநரிடமோ, ஆட்சியர் அலுவலக விவசாயிகள் குறைதீர் நாளிலோ ரசீதோடு மனுக் கொடுத்தால் அதற்கு மதிப்பு உண்டு. போவதற்கு முன் உழவன் செயலியில் எந்தச் சங்கத்தில், எந்தக் கடையில் எவ்வளவு இருப்பு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பற்றாக்குறைக் காலத்தில் போலி டிஏபியும் நடமாடும். பத்துப் பதினைந்து குருணையை உள்ளங்கையில் வைத்து, வெற்றிலைச் சுண்ணாம்பு கொஞ்சம் சேர்த்துத் தேய்த்தால் மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நெடி வரவேண்டும். வாணலியில் லேசாகச் சுட்டால் அசல் குருணை பொரிபோல உப்பும். உப்பாமல் கிடந்தால் அது டிஏபி விலை கொடுத்து வாங்கிய சூப்பராக இருக்கலாம், அதைவிட மோசமாகவும் இருக்கலாம்.

இந்த நேரத்தில் நடக்கும் பெரிய தப்பு, டிஏபி கிடைக்கவில்லை என்று யூரியாவை அள்ளிப்போடுவது. யூரியா மலிவு, பயிர் மூன்றே நாளில் பச்சை கட்டும், மனசு நிறையும். மணிச்சத்து இல்லாத பயிர் தூர் கட்டாது. கரும்பச்சையாக விறைத்து நிற்கும், அடி இலை ஊதா ஓடும். அதன்மேல் தழையை ஏற்றினால் இலைச்சுருட்டுப்புழு, புகையான், கழுத்துக் குலைநோய் எல்லாம் தேடி வரும். வடகிழக்குப் பருவமழையில் சாய்ந்தால் அறுவடை இயந்திரத்துக்கும் அது வேதனை. நடும்போது மணிச்சத்து கிடைக்காமல் போனால், நட்டு 15 நாளுக்குள் கிடைத்தால் தண்ணீரை வடித்துவிட்டு வீசலாம். அதற்குப் பிறகு அந்தப் பருவத்துக்கு விட்டுவிடுங்கள். தழையை அடியுரம், தூர் கட்டும் பருவம், கதிர் உருவாகும் பருவம், கதிர் வெளிவரும் பருவம் என நாலாகப் பிரியுங்கள். ஒவ்வொரு தவணைக்கும் ஏக்கருக்கு யூரியா 33 கிலோவைத் தாண்ட வேண்டாம். இலை வண்ண அட்டை இருந்தால் நட்டு 14ஆம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை காலை எட்டிலிருந்து பத்து மணிக்குள், மேலிருந்து மூன்றாவது முழு இலையைப் பத்து இடத்தில் ஒப்பிடுங்கள். ஆறு இடத்திலாவது 4க்குக் கீழே (வெள்ளைப் பொன்னிக்கு 3) காட்டினால்தான் அடுத்த தவணை. ஒரு தவணை மிச்சமானாலும் மிச்சம்தான்.

பொட்டாஷுக்கு முழுமையான உள்நாட்டு மாற்று கிடையாது. ஏக்கருக்கு 33 கிலோ, அதையும் பிரித்துப் போடுங்கள். வைக்கோலை எரிக்காமல் வயலிலேயே மடக்கினால் பயிர் எடுத்த சாம்பல்சத்தில் பெரும்பகுதி திரும்ப மண்ணுக்கே வரும்.

கோடையில் தண்ணீர் கிடைக்கும் இடத்தில் தக்கைப்பூண்டு ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, பூப்பதற்கு முன் 40, 45 நாளில் மடக்கி உழுதால் தழைச்சத்தில் ஒரு தவணை மிச்சமாகும். பாஸ்போபாக்டீரியா ஏக்கருக்கு 4 பொட்டலத்தை, தலா 10 கிலோ தொழு உரமும் மண்ணும் கலந்து நடவுக்கு முன் வீசலாம். அது புதிதாக மணிச்சத்தை உண்டாக்காது. தேங்கிக் கிடப்பதைக் கரைத்துக் கொடுக்கும். எனவே 'அதிகம்' என்று முடிவு வந்த வயலில்தான் அதற்கு வேலை.

அந்த அரை மூட்டை டிஏபிக்கு வருவோம். சம்பா, தாளடி அறுப்புக்கு முன் ஈரத்தில் உளுந்தோ பயறோ தெளிக்கிறீர்கள் என்றால் அதற்கு அடியுரம் போட வழியில்லை, இலைவழி டிஏபிதான் காய் பிடிக்க வைக்கும். ஏக்கருக்கு ஒரு தெளிப்புக்கு 4 கிலோ, இரண்டு தெளிப்புக்கு 8 கிலோ, ஐந்து ஏக்கருக்கு 40 கிலோ. ஆகஸ்டில் வாங்கும்போதே ஒரு மூட்டை கூடுதலாக வாங்கி, யார் கேட்டாலும் கொடுக்காமல் ஒதுக்கி வையுங்கள். டிஏபி இல்லவே இல்லை என்றால் வேளாண் பல்கலைக்கழகத்தின் பயறு ஒண்டர் என்ற இலைத்தெளிப்புச் சத்துக்கலவை ஏக்கருக்கு 2 கிலோ. டிஏபி இருந்தால், 4 கிலோவை முந்தின நாள் மாலை 20 லிட்டர் தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் கலக்காமல் மேலே தெளிந்ததை மட்டும் துணியில் வடிகட்டி, 180 லிட்டர் தண்ணீர் சேர்த்து மாலை வெயில் தாழ்ந்ததும் தெளியுங்கள். அடிவண்டலோடு ஊற்றினால் தெளிப்பானின் மூக்கு அடைத்துக்கொள்ளும். பூவெடுத்ததும் ஒரு முறை, பதினைந்து நாள் கழித்து இன்னொரு முறை.